அபராதம் கேட்டு வாங்கியவர்

குத்தாலம் ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே நிற்கிற அரிசி மில் நான் கட்டியது. அதன் களம் நான் போட்டது. சிமெண்டு பூசிய அன்றைக்குக் கொத்தனாரோடு நானும் மட்டப்பலகை பிடித்தேன். இரண்டு லாரி நான் வாங்கியது. "மூட்டை தூக்கறவன் மூட்டை தூக்கணும், வண்டிக்கு ஆசைப்படலாமா" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் வீட்டு நெல்லைத்தான் முதல் லாரியில் ஏற்றி வாடகை வாங்கினேன். மில்லுக்குக் கரண்டு வரக் கூடாது என்று கம்பம் நடுகிற குழிக்குள் ஒருத்தன் இறங்கிப் படுத்துக்கொண்டான். அவனைத் தூக்கி வெளியே விட்டுக் கம்பம் நட்டேன். பிறகு அவனுக்கே மில்லில் வேலையும் கொடுத்தேன். படிப்பு மூணாம் கிளாஸ். அப்பா மேலத்தெருப் பண்ணைக்கு ஆளாக இருந்தார், ஆளாகவே செத்தார். என்னை எவனும் தூக்கிவிடவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இவ்வளவும் என் கைக்கு வந்தது. ஒரே ஒரு மனுசர் மட்டும் வரவில்லை. அவர் என்னிடம் சம்பளம் வாங்கிய லாரி டிரைவர். அவர் பேரை இங்கே எழுத மாட்டேன். அது முதலில் வர வேண்டிய இடம் வேறே இருக்கிறது. அது எந்த இடம் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் வயல் வேலைக்காரனைப் பார்த்துப் பேர் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். "யாரு ஆளுடா நீ?" என்றுதான் கேட்பார்கள். இன்ன பண்ணை ஆள் என்று சொன்னால் போதும், பேர் எதுக்கு? டிரைவரிடமும் கேட்பார்கள். அவர் தோளில் கிடக்கிற துண்டைத் தொடக்கூட மாட்டார். "எங்க அம்மாவுக்கு மகன், எம் பொண்டாட்டிக்குப் புருசன். ஆளுன்னா யாருக்கும் இல்லீங்க" என்பார். சத்தமாகச் சொல்ல மாட்டார். சோறு ஆயிற்றா என்று கேட்டால் ஆயிற்று என்போமே, அந்த மாதிரி சொல்வார். கேட்டவனுக்குத்தான் முகம் போகும்.

எனக்கும் ஒரு தடவை போனது. கும்பகோணத்து மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். மண்டிக்காரர், "டிரைவர் எப்படி, நல்லவனா?" என்று கேட்டார். நான் பெருமையாக, "நம்ம ஆளுதான், தங்கமான ஆளு" என்றேன். டிரைவர் இஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஓனர், இந்த வண்டிக்கு நீங்க ஓனர். எனக்கு இல்ல. நான் டிரைவர். அப்படிச் சொல்லுங்க, ஓட்டறேன்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என் சாதி, என் தெருவில் பிறந்த மனுசர், என் சோறு தின்கிறவர், என்னைப் பார்த்து இப்படியா? ஆனால் இன்னும் பாதி லோடு வண்டியில் இருந்தது. மண்டிக்காரரிடம் திரும்பி, "இவர் என் வண்டிக்கு டிரைவர்" என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவரை ஆள் என்று நான் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரைப்போல் மெதுவாக வண்டி ஓட்டுகிறவர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது. ரோட்டில் வைக்கோல் காய்ந்தால் சுற்றிப் போவார். வாத்து மேய்க்கிறவன் ரோட்டைத் தாண்டினால் கடைசி வாத்து வரைக்கும் நிற்பார். ஹாரன் அடிக்கச் சொன்னால், "அதுங்களும் வேலையாத்தானே போவுது" என்பார். மாட்டு வண்டிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது, "என்ன ஓனர், வண்டிக்குப் புல்லு போடலியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட மனுசர் பேரில்தான் ஓவர் ஸ்பீடு கேஸ் விழுந்தது. விழ வைத்தவன் நான்.

அது குறுவை அறுப்புக் காலம். களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. படுதாவெல்லாம் லாரியில் கிடக்க, நாங்கள் கும்பகோணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். கிழக்கே பார்த்தால் மேகம் கறுத்துத் திரண்டு நிற்கிறது. அவித்த நெல் நனைந்தால் பூஞ்சை பிடித்து நாறும், கோழி கூடத் தின்னாது. "அமுக்குங்க டிரைவர்! அமுக்குங்க!" என்று காபினில் உட்கார்ந்து கத்தினேன். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அமுக்கினார். நெல்லை மூடிவிட்டோம், ஒரு மணி நனையவில்லை. ஆனால் வருகிற வழியில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஏட்டு ஸ்டாப் வாட்ச்சோடு நின்றுகொண்டிருந்தார்.

ஏட்டு லைசென்ஸை வாங்கிப் பார்த்து விலாசத்தை எழுத ஆரம்பித்தார். அந்த லைசென்ஸ் பழைய கதை. பண்ணையார் முதல் டிராக்டர் வாங்கியபோது இவரை ஓட்டப் பழக்கி, தானே தஞ்சாவூருக்கு ஆளனுப்பி எடுத்துக் கொடுத்த லைசென்ஸ். விலாசம் என்ற இடத்தில், 'மேலத்தெருப் பண்ணை, கேர் ஆஃப் பண்ணையார்' என்று இருக்கும். மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி.

"சார், அந்த விலாசத்துல நான் இல்ல" என்றார் டிரைவர்.

"லைசென்ஸ்ல இருக்கறதத்தான்யா நான் எழுதுவேன். நீ எங்க இருந்தா எனக்கென்ன?"

அவர் எங்கே இருந்தார் என்பதுதான் அப்போது ஊரின் வழக்கே. ஆட்சி மாறிச் சில வருசம் ஆகியிருந்தது. மேடைக்கு மேடை, குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று பேசினார்கள். இன்னொரு பக்கம் செங்கொடிக்காரர்கள் கூலி கேட்டு அறுப்பை நிறுத்தினார்கள். என் லாரிக்கு வருவதற்கு முன்னால் பண்ணை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரும் அதை நடு வயலில் நிறுத்திவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்தார். அன்றைக்கே பண்ணையின் கொல்லையில் குடியிருந்தவர்களையெல்லாம் சட்டி பானையோடு வெளியே தள்ளினார்கள். அவர்கள் வாய்க்கால் ஓரத்துத் திடலில் ஏறிக் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். திடல் சர்க்கார் புறம்போக்கு. பண்ணையோ, அது எங்கள் களம், எங்கள் ஆட்கள் எங்கள் தயவில் இருக்கிறார்கள் என்றது. ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணமும் அப்படியே எழுதினார். ரேஷன் கார்டில் பண்ணை விலாசம், ஓட்டர் லிஸ்டில் பண்ணை விலாசம். திடலில் ஒரு தெரு இருக்கிறது என்று சொல்ல ஒரு சர்க்கார் காகிதம் கிடையாது.

கேஸுக்குச் சம்மன் வந்தது. லைசென்ஸில் இருந்த விலாசத்துக்கே போனது. பண்ணை ஏஜெண்டு அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாயவரம் கோர்ட்டுக்குப் போய் அபராதத்தையும் கட்டிவிட்டு வந்துவிட்டார். பண்ணை ஆள் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் பண்ணைதான் கட்டும். அதுதான் வழக்கம். மாடு கொண்டிப்பட்டியில் அடைபட்டால் மாட்டுக்காரன் போய்க் கட்டி மீட்கிற மாதிரி.

டீக்கடையில் எல்லோர் எதிரிலும் ஏஜெண்டு சொன்னார்: "ஒன் கேஸ முடிச்சாச்சுப்பா. ஐயா கட்டச் சொல்லிட்டாங்க. நம்ம ஆளு போலீஸு கோர்ட்டுன்னு அலையலாமா?"

டிரைவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "நான் கேட்டனா?"

"கேக்கணுமா? வெலாசம் எங்களுது. சம்மன் எங்களுக்கு வந்துச்சு. நாங்க கட்டினோம். ஜமாபந்தி வருதுல்ல, அப்ப திடல் யாருதுன்னு கேட்டா இந்த ரசீதக் காட்டுவோம். ஆளு எங்க ஆளு, எடம் எங்க எடம்."

ஜமாபந்தி என்றால் வருசத்துக்கொரு தடவை தாலுகா ஆபீசில் கிராமக் கணக்கையெல்லாம் திறந்து வைத்து அதிகாரி கேள்வி கேட்கிற நாள். திடல்காரர்கள் மனு அன்றைக்குத்தான் வருகிறது. அதில் தோற்றால் கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான். என் லாரி போன வேகம் அத்தனை வீட்டுக்கும் வினையாகப் போய் நின்றது.

மறுநாள் இரண்டு பேரும் மாயவரம் கோர்ட்டுக்குப் போனோம். கிளார்க்கிடம் டிரைவர் சொன்னார்: "ஐயா, எங் கேஸுக்கு வேற ஒருத்தர் அபராதம் கட்டிட்டாரு. அத அவருகிட்டயே குடுத்துடுங்க. நான் கட்டறேன்."

கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது? கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சிருச்சு."

"எனக்கு முடியலீங்க."

ஆபீசே சிரித்தது. கிளார்க்கும் சிரித்துக்கொண்டு, "அவ்வளவு ஆசையா இருந்தா இன்னொரு தடவ வேகமாப் போ. புதுசா ஒரு கேஸ் எழுதுவாங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். குத்தாலத்தில் இறங்கினதும் டிரைவர் சொன்னார்: "ஓனர், நாளைக்கு லோடு இல்லாம வண்டி வேணும்."

"எதுக்கு?"

"வேகமாப் போகணும்."

எவன் கொடுப்பான், சொல்லுங்கள். நான் கொடுத்தேன். டீசலும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் சம்சாரம் தரங்கம்பாடிப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எழுத்து அச்சு மாதிரி இருக்கும். நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "வேகமாப் போயி என்னா பண்ணுவீங்க? ஏட்டு மறுபடியும் லைசென்ஸப் பாத்துப் பண்ணை வெலாசத்தத்தான் எழுதுவாரு" என்றார். இரண்டு ஆம்பிளைகளுக்கும் அது தோன்றவில்லை.

"அப்ப என்னாங்கற?"

"லைசென்ஸ அரிசிப் பானையில போட்டுட்டுப் போங்க. லைசென்ஸு இல்லேன்னா ஏட்டு எதப் பாத்து எழுதுவாரு? ஒங்க வாயப் பாத்துத்தான் எழுதணும்."

அதற்கு முன்னாடி இன்னொரு வேலை செய்தோம். தெரு என்றால் கதவு நம்பர் வேண்டாமா? லாரி நம்பர் எழுதி மிச்சம் இருந்த பெயிண்டு டப்பா மில்லில் கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு பலகைத் துண்டைக் கட்டி நம்பர் எழுதினார். தெரு முனையில் 'புதுத்தெரு' என்று ஒரு பலகை. கறுப்பில் வெள்ளை எழுத்து. தூரத்தில் பார்த்தால் லாரி நம்பர் மாதிரியே இருக்கும்.

மறுநாள் நானும் காபினில் ஏறிக்கொண்டேன். பாலத்தைப் பார்த்து அமுக்கினார். வண்டி பறக்கிறது, அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தால் ஏட்டு டீக்கடையில் வடை தின்றுகொண்டிருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். டிரைவர் வண்டியைத் திருப்பி மெதுவாக உருட்டி வந்து கடைக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஏட்டய்யா, இப்ப வேகமாப் போனேன். பாக்கலீங்களா?"

"என்னாது?"

"மறுபடி போறேன். வாட்ச்ச எடுத்துக்குங்க."

ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டாம் தடவை போனபோது கை காட்டி நிறுத்திவிட்டார். "மாட்டு வண்டிக்கே வழி விட்டுப் போற மனுசன் நீ. இன்னைக்கு என்னய்யா கேடு ஒனக்கு? எடு லைசென்ஸ."

"வீட்ல இருக்குங்க."

"வீடு எங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் அவ்வளவு வேகமாக வந்தார். வண்டியை விட்டு இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "எட்டாம் நம்பர் வீடு, புதுத்தெரு, வாய்க்கால் திடல், குத்தாலம்."

"திடலா? அது பண்ணைக் களமில்ல?"

"தெருங்க. சம்மன் கொண்டு வருவீங்கல்ல, பாருங்க."

ஏட்டு பேனாவை உதறிக்கொண்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார். ஓவர் ஸ்பீடு ஒன்று, லைசென்ஸ் காட்டாதது ஒன்று. இரண்டுக்கும் ஒரே விலாசம்.

சம்மன் கொடுக்க அவரே சைக்கிளில் வந்தார். முனையில் ஏஜெண்டு மறித்து, "அப்படி ஒரு தெருவே இல்லீங்க. எங்ககிட்ட குடுங்க, போன தடவயும் நாங்கதான் வாங்கினோம்" என்று கையை நீட்டினார். ஏட்டும் கொடுக்கப் பார்த்தார், வெயில் அப்படி. அப்போது டிரைவர் சம்சாரம் வாசலில் இருந்து குரல் கொடுத்தார்: "ஏட்டய்யா, அவரு வீட்ல எட்டாம் நம்பர் இருக்கான்னு பாத்துட்டுக் குடுங்க!"

ஏட்டு தெருப் பலகையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று நம்பரைப் படித்துக்கொண்டே சைக்கிளை உருட்டினார். பின்னால் தெருவே நடந்து வந்தது. எட்டாம் நம்பரில் நின்று, "இதானே?" என்றார். சர்க்கார் சட்டை போட்ட ஒருத்தர் அந்தத் தெருவைத் தேடிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை. போலீசுக்காரருக்கு அத்தனை வீட்டிலிருந்தும் மோர் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் விலாசத்தோடு பேரைப் படித்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"வேகத்தையும் ஒப்புக்கறேங்க. வெலாசத்தையும் ஒப்புக்கறேங்க."

அபராதம் சொன்னதும் ஏஜெண்டு பின்னாலிருந்து பணத்தோடு எழுந்தார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஐயா, அவரு வேகமாப் போகல. நான்தான் போனேன்."

மாஜிஸ்திரேட் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிறகு லைசென்ஸைக் கேட்டார். பானையில் இருந்து எடுத்து வந்த லைசென்ஸ், மடிப்பில் தவிடு ஒட்டியிருந்தது. படித்துவிட்டு முகம் மாறினார். "இதுல வேற விலாசம் இருக்கே. எது பொய்?"

பண்ணை விலாசமே நிஜம் என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. டிரைவர் சொன்னார்: "பொய் எதுவும் இல்லீங்க. அது என்ன வச்சிருந்த எடம். இது நான் இருக்கற எடம்."

"மாறினா மாத்திக்க வேணாமா? அதுவும் தப்புதான்யா." சொல்லிவிட்டு அதற்கும் ஒரு அபராதம் போட்டார். லைசென்ஸ் ஆபீசுக்குப் போய் உடனே புது விலாசம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவும் எழுதினார். டிரைவர், "ரொம்ப நன்றிங்க" என்றார். தண்டனைக்கு நன்றி சொன்னவரை அந்தக் கோர்ட் அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

தஞ்சாவூர் லைசென்ஸ் ஆபீசில், கர்ணம் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டிரைவர் கோர்ட் உத்தரவை மேசையில் வைத்தார். பண்ணை விலாசத்தைச் சிவப்பு மையில் அடித்துப் புதுத்தெரு என்று எழுதி முத்திரை குத்தினார்கள். திரும்பி வரும்போது வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டினார், எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

எட்டாம் நம்பருக்குக் காகிதம் வந்தது. மற்ற வீட்டுக்கு? அவர்களிடம் லைசென்ஸ் ஏது, லாரி ஏது? சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்தில் விளக்கு இல்லாமல் சைக்கிள் போனால் கேஸ், டபுள்ஸ் போனால் கேஸ். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புதுத்தெரு முழுக்கச் சைக்கிளில் கிளம்பியது. மேலத்தெருவில் எங்கள் அப்பாக்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள். இவர்கள் அதே தெருவில் டபுள்ஸில் மணியடித்துக்கொண்டு போய் ஏட்டு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"சார், வெளக்கு இல்ல சார், எனக்கு எழுதுங்க!"

"எனக்கு வெளக்கும் இல்ல, பிரேக்கும் இல்ல சார்! நாலாம் நம்பர், புதுத்தெரு!"

"யோவ், போங்கய்யா! ஒரு புஸ்தகமே தீந்து போச்சு" என்று ஏட்டு கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு எழுதினார். நல்ல மனுசர்.

அந்த வாரம் மில் வாசலில் நின்ற என் லாரியின் முன் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். யார் என்று ஊருக்கே தெரியும். புதுக் கண்ணாடி நான் போட்டேன். யாரிடமும் போய் நிற்கவில்லை.

ஜமாபந்தியில் திடல்காரர்கள் கோர்ட் ரசீதுகளை அதிகாரி மேசையில் கொட்டினார்கள். மேலே டிரைவரின் லைசென்ஸ். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கர்ணத்தைக் கேட்டார்: "தெருவே இல்லைன்னு கணக்குல எழுதியிருக்கீர். இல்லாத தெருவுக்குக் கோர்ட் எப்படி ஐயா சம்மன் அனுப்பிச்சுது?" கர்ணம் கூரையைப் பார்த்தார். அன்றைக்குத் தெரு கணக்கில் ஏறியது. பட்டா அப்புறம் வந்தது.

டிரைவர் கடைசி வரைக்கும் என் வண்டியைத்தான் ஓட்டினார். கடைசி வரைக்கும் என்னை ஓனர் என்றுதான் கூப்பிட்டார். இப்போது அவரும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை.

புதுத்தெரு முனையில் வளைவு கட்டப்போகிறார்களாம், கல்வெட்டு வைக்கிறார்களாம். எழுதப்போகிற வாசகத்தைக் காட்டிச் சிமெண்டு நன்கொடை கேட்க வந்தார்கள். படிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்தக் கட்சி பெற்றுத் தந்தது, அந்தச் சங்கம் போராடியது, இன்ன அதிகாரி வழங்கினார். சரி, எல்லோரும் செய்தார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. டிரைவர் பேர் எங்கே? என் பேர் எங்கே? என் பேர் அடியில் இருக்கிறதாம், சிமெண்டு உபயம் என்று!

சிமெண்டு தருகிறேன். ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லில் முதல் பேர் டிரைவர் பேராக இருக்க வேண்டும், முழுப் பேராக, 'எட்டாம் நம்பர், புதுத்தெரு' என்கிற விலாசத்தோடு. அடுத்து நம்பர் எழுதிய அந்த அம்மா பேர். அதற்கடுத்து என் பேர். லாரி என்னுது. அமுக்குங்க என்று கத்தியது நான். பெயிண்டு கொடுத்தது நான். கண்ணாடி போட்டது நான். இதில் ஒன்றைக் குறைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் டிரைவர் பேருக்குப் பக்கத்தில் இன்னாருடைய ஆள் என்று ஒரு எழுத்துக்கூட வரக்கூடாது. என் பேரைச் சேர்த்துக்கூட வரக்கூடாது.

மாற்றி எழுதிக் கல்லை நட்டீர்கள் என்றால், அந்தப் பெயிண்டு டப்பா இன்னும் மில்லில்தான் இருக்கிறது. உள்ளே பெயிண்டு காய்ந்துவிட்டது. புது டப்பா வாங்க எனக்கு வசதி உண்டு. நானே வந்து எழுதுவேன். எவன் கேஸ் போட்டாலும் போடட்டும், அபராதத்தை நானே கட்டுவேன்.